நகராத கோடு: நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல்

ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்த ஆண்களின் எண்ணிக்கை இன்று 1,700-ஐத் தாண்டிவிட்டது. உலக சாதனை அந்த எல்லையிலிருந்து ஏறத்தாழ 17 விநாடி கீழே இறங்கி, 3 நிமிடம் 43.13 விநாடியில் நிற்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் ஓடும் உள்ளரங்கப் போட்டிகளில், வளைவுகள் சாய்வாக எழுப்பப்பட்ட வேகமான ஓடுபாதைகளில், ஒரே நாளில் டஜன் கணக்கானோர் நான்கு நிமிடத்துக்குள் வந்து சேர்கிறார்கள். கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த எல்லை எப்போதோ மதிப்பிழந்திருக்க வேண்டும். ஆனால் தன் பெயருக்கு நேரே முதன்முறையாக 3:59 என்று மின்பலகையில் பார்க்கும் ஓட்டக்காரர், பந்தயத்தில் தான் எத்தனையாவதாக வந்தோம் என்பதையே மறந்து கைகளால் முகத்தைப் பொத்திக்கொள்வதை, நடுத்தூர ஓட்டங்களை விடாமல் பார்த்துவருபவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். 3:59.4 ஓடியவருக்கும் 4:00.6 ஓடியவருக்கும் முடிவுக்கோட்டில் உள்ள இடைவெளி எட்டு மீட்டர்தான். அந்த எட்டு மீட்டருக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விட்டதே இல்லை.

எனக்குத் தெரிந்தவரை இதற்கான பதில், உலக சாதனைக்கும் இந்த எல்லைக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. உலக சாதனை எந்தக் காலத்திலும் ஒருவர் கையில்தான் இருக்கும்; அவரிடமிருந்து அதைப் பறித்தால்தான் அடுத்தவருக்கு அது கிடைக்கும். நான்கு நிமிடம் அப்படியல்ல. ஒருவர் அதைக் கடப்பதால் இன்னொருவருக்கு எதுவும் குறைவதில்லை. கடந்தவர் அதை இழக்கப்போவதும் இல்லை. வெற்றி தோல்வியை அடித்தளமாகக் கொண்ட ஒரு விளையாட்டுக்குள், எட்டாவதாக வந்தவரும் தலைநிமிர்ந்து வீடு திரும்ப இடம் கொடுக்கும் அளவுகோல்கள் மிகக் குறைவு. மைல் ஓட்டத்துக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது.

முதலில் இந்த வேகம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மணிக்கு 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. 100 மீட்டரை 14.9 விநாடியில் ஓட வேண்டும். நன்றாக ஓடக்கூடிய பள்ளி மாணவர் எவரும் அதைச் செய்துவிடுவார். அடுத்த 100 மீட்டரையும் அதே வேகத்தில், நிற்காமல், அதற்கடுத்ததையும் அப்படியே, இவ்வாறு பதினாறு முறை ஓடி, மிச்சமிருக்கும் ஒன்பதேகால் மீட்டரையும் கடந்தால் நான்கு நிமிடம் ஆகும். நான் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் 400 மீட்டர் சுற்று ஒன்றை அறுபது விநாடியில் ஓடி முடித்ததுண்டு. முடித்த பிறகு இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றபோது, மைல் ஓடுபவர்கள் இதே கணத்தில் இரண்டாம் சுற்றின் முதல் வளைவில் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும், அவர்கள் வேறு வகை உடல் கொண்டவர்கள் என்பது எனக்குச் சந்தேகமின்றிப் புரிந்தது.

கஷ்டம் முழுவதும் மூன்றாம் சுற்றில் இருக்கிறது. நான்கு நிமிடம் நீடிக்கும் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு, ஆக்சிஜனைக் கொண்டுதான் உண்டாகிறது. ஆனால் மீதமுள்ள ஒரு பங்கைத் தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் உண்டாக்கும்போது சேரும் அமிலத்தன்மை, இரண்டாம் சுற்று முடியும்போதே கால்களை இறுக்கத் தொடங்கிவிடும். முதல் சுற்றில் உடல் புத்துணர்ச்சியோடு இருக்கிறது. கடைசிச் சுற்றில் முடிவுக்கோடு இழுக்கிறது. மூன்றாவதில் இரண்டுமே கிடையாது. ஓடுபாதையின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு நிற்பவர்கள் அனைவரும் அந்தச் சுற்றைத்தான் கவனிப்பார்கள். 60 விநாடிக்குள் ஓடிக்கொண்டிருந்தவர் தன்னை அறியாமலேயே 62-க்கோ 63-க்கோ நழுவுவது அங்கேதான். அவருடைய முகத்தில் எதுவும் தெரியாது, நடையின் அகலம் மட்டும் ஓர் அங்குலம் சுருங்கியிருக்கும்.

1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை ஓடுபாதையில் இந்த எல்லையை முதன்முதலாகக் கடந்த இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் ஓடிய நான்கு சுற்றுகளிலும் இதே வடிவம் உள்ளது: 57.5, 60.7, 62.3, 58.9. கூட்டினால் 3:59.4. மூன்றாம் சுற்று முடிந்தபோது கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அதாவது கடைசிச் சுற்றை அவர் 59.5 விநாடிக்குள் ஓடியாக வேண்டிய நிலை. அந்த 58.9-ஐ நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த நாளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்லும் கதை ஒன்று உண்டு. மனிதனால் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓட முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது, பேனிஸ்டர் அந்த மனத்தடையை உடைத்தார், உடனே பலரும் சாரைசாரையாக அதைக் கடந்தார்கள் என்பது அந்தக் கதை. ஊக்கமூட்டும் மேடைப்பேச்சுகளில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் உண்மையில் நடந்தது இதைவிடச் சுவையானது. 1942 முதல் 1945 வரை ஸ்வீடனைச் சேர்ந்த குந்தர் ஹேக்கும் ஆர்னே ஆண்டர்சனும் உலக சாதனையை ஒருவரிடமிருந்து ஒருவர் மாறி மாறிப் பறித்து, 4:06.2-இலிருந்து 4:01.4 வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஓடவேண்டிய இளைஞர்கள் போர்முனையில் இருந்தபோது, போரில் சேராத ஸ்வீடனில் இந்த இருவரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும், பணம் பெற்றுக்கொண்டு ஓடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு இருவருமே தடை செய்யப்பட்டார்கள். எஞ்சியிருந்த 1.4 விநாடியைக் குறைக்க ஒன்பது ஆண்டு ஆனதற்கு முக்கியக் காரணங்கள் இவைதான்: போர் ஒரு தலைமுறையை விழுங்கிவிட்டது, பணம் பெறக் கூடாது என்ற விதி இந்த இருவரையும் வெளியேற்றிவிட்டது. மனத்தடைக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது மிகச் சிறிய இடம்.

பின்னால் நடந்ததும் கதைக்கு ஒத்துப்போவதில்லை. 1954-இல் பேனிஸ்டருக்குப் பிறகு நான்கு நிமிடத்துக்குள் ஓடியவர் ஒரே ஒருவர், ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி. அதற்கு முன்பு அவர் தம் நாட்டுப் போட்டிகளில், தம்மை நெருக்க ஆளில்லாமல் தனியே முன்னால் ஓடி, மீண்டும் மீண்டும் 4:02-ஐ ஒட்டியே நின்றுவந்தவர். ஜூன் 21 அன்று பின்லாந்தின் துர்க்கு நகரில் அவர் 3:57.9 ஓடியபோது, நல்ல ஓடுபாதை கிடைத்ததோடு, பின்னால் விடாமல் துரத்திவர பேனிஸ்டரின் பயிற்சித் தோழர் கிறிஸ் சாட்டவேயும் இருந்தார். அந்தத் தூரத்தை அந்த வேகத்தில் ஓடும் வலிமை லாண்டியிடம் ஏற்கெனவே இருந்தது; அவருக்குத் தேவைப்பட்டது நெருக்கும் எதிராளி. அடுத்த ஆண்டு, 1955 மே மாதம், லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் ஒரே பந்தயத்தில் மூவர் கடந்தார்கள்: ஹங்கேரியின் லாஸ்லோ தாபோரி, சாட்டவே, பிரையன் ஹ்யூசன். அமெரிக்கர் ஒருவர் முதன்முதலாகக் கடந்தது 1957-இல்தான். சாரைசாரையாக வரும் கூட்டம் இவ்வளவு மெதுவாக வராது.

அப்படியானால் பேனிஸ்டர் செய்தது என்ன? என் பார்வையில், ஓட்டத்தை ஓர் ஆய்வுக்கூடப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தீர்த்தார். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது மதிய உணவு இடைவேளை மட்டுமே. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், அரையிறுதி ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டதால் 1,500 மீட்டரில் மூன்று நாட்களில் மூன்று முறை ஓட வேண்டியதாகி, அவருடைய அளவான பயிற்சி அதைத் தாங்காமல் நான்காவதாக வந்தார். அந்த ஏமாற்றம் இல்லாதிருந்தால் அவர் அப்போதே ஓட்டத்தை விட்டிருப்பார். அதன் பின்னர் கிறிஸ் பிராஷர், சாட்டவே இருவரோடும் சேர்ந்து, பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃப்லின் வழிகாட்டலில், 440 கெஜச் சுற்றுகளைப் பத்து முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வுடன் ஓடும் பயிற்சியை மேற்கொண்டார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் சுற்றுக்கு 66 விநாடி, ஏப்ரலுக்குள் 61. அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். என்ன முயன்றும் 60-க்கு வரவில்லை. அப்போது பேனிஸ்டரும் பிராஷரும் பயிற்சியை அப்படியே போட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாட்கள் மலையேறிவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி வந்தது. உடல் தேங்கி நிற்கும்போது கூடுதல் உழைப்பைவிட ஓய்வு தேவைப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

போட்டியன்று காலையில்கூட அவர் மருத்துவமனை ஆய்வகத்தில் தம் ஸ்பைக்ஸ் காலணியின் ஆணிகளைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். சாம்பல்கட்டி பரப்பிய ஓடுபாதை ஈரத்தில் ஆணிகளில் அப்பிக்கொள்ளும் என்பதால் கிராஃபைட்டும் தேய்த்தார். காற்று பலமாக வீசியது. அருகிலிருந்த தேவாலயத்தின் கொடி சற்றுத் தளர்ந்ததைப் பார்த்த பிறகே முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தார். பிராஷர் முதல் இரண்டரைச் சுற்றுக்கு முன்னால் ஓடினார். அவர் வேகம் போதாது என்று எண்ணிப் பேனிஸ்டர் பின்னாலிருந்து கத்தியும், பிராஷர் தம் வேகத்தை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் இருவரும் மூன்றாம் சுற்றிலேயே தீர்ந்துபோயிருப்பார்கள். பிறகு சாட்டவே முன்னே வந்தார். கடைசி முன்னூறு கெஜத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தை மட்டுமே பேனிஸ்டர் தனியாக ஓடினார். முடிவை அறிவித்த நாரிஸ் மெக்வர்ட்டர் ஒவ்வொரு சாதனையாக நிதானமாக அடுக்கிக்கொண்டுபோய், நேரத்தைச் சொல்லும் இடத்தில் 'மூன்று' என்ற சொல்லை உச்சரித்ததுமே எழுந்த ஆரவாரத்தில் மற்ற இலக்கங்கள் யார் காதிலும் விழவில்லை.

வேகம் பிடித்துக் கொடுக்கும் பேஸ்மேக்கர்களின் பங்கு அப்போதே சர்ச்சைக்குரியதாக இருந்தது. 1953 ஜூனில் மோட்ஸ்பர் பார்க்கில் பேனிஸ்டர் 4:02.0 ஓடினார். அன்று பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, பேனிஸ்டர் தம்மை ஒரு சுற்று முந்தி வரும்வரை காத்திருந்து, பிறகு அவருக்கு முன்னால் ஓடி வேகம் கொடுத்தார். இது உண்மையான போட்டி ஆகாது என்று பிரிட்டிஷ் தடகள அதிகாரிகள் அந்த நேரத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். இஃப்லி சாலையில் பிராஷரும் சாட்டவேயும் தொடக்கத்திலிருந்தே பந்தயத்துக்குள் இருந்தார்கள், சாட்டவே இரண்டாவதாக ஓடி முடிக்கவும் செய்தார். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டம் என்பது மனிதர்களுக்கிடையேயான போட்டியா, கடிகாரத்தோடு நடத்தும் சோதனையா என்ற கேள்வியே இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

1954 ஆகஸ்ட் 7 அன்று கனடாவின் வான்கூவரில் நடந்த பந்தயத்தை நான் இஃப்லி சாலைக்கும் மேலாக வைப்பேன். அங்கே பேஸ்மேக்கர் கிடையாது. உலகில் நான்கு நிமிடத்துக்குள் ஓடியிருந்த இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். லாண்டி தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்து, பேனிஸ்டரைப் பல கெஜம் பின்தங்க விட்டார். மூன்றாம் சுற்றில் பேனிஸ்டர் அந்த இடைவெளியை இம்மியிம்மியாக மூடிக்கொண்டே வந்தார். கடைசி வளைவு முடியும் இடத்தில், எதிராளி எங்கே இருக்கிறார் என்று பார்க்க லாண்டி இடத்தோளின் பக்கம் தலையைத் திருப்பினார். அந்தக் கணத்தில் பேனிஸ்டர் வலப்பக்கமாக அவரைக் கடந்துபோனார். 3:58.8, 3:59.6. ஒரே பந்தயத்தில் இருவர் நான்கு நிமிடத்துக்குள் ஓடியது அதுவே முதல்முறை. அதில் இரண்டாவதாக வந்தவர் உலக சாதனை தம் கையில் இருக்கும்போதே தோற்றார் என்பதும், காலில் வெட்டுக்காயத்துடன் ஓடிய அவர் அதைக் காரணமாகக் காட்டவில்லை என்பதும் என் மனத்தில் லாண்டிக்குத் தனி இடத்தைக் கொடுத்திருக்கின்றன.

மைல் என்ற தூரத்துக்கே இன்று ஓர் இரவல் வாழ்க்கைதான். ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் ஓடுவது 1,500 மீட்டர். சர்வதேச தடகள சம்மேளனம் 1976-இல் கெஜக் கணக்கிலான தூரங்களுக்கான உலக சாதனைகளைக் கைவிட்டபோது மைலை மட்டும் விட்டுவைத்தது. அதற்குக் காரணம் அதன் வடிவம் என்று நினைக்கிறேன். 440 கெஜ ஓடுபாதையில் நான்கு சுற்று, சுற்றுக்கு ஒரு நிமிடம், மொத்தம் நான்கு நிமிடம். விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். 1,500 மீட்டர் என்பதோ மூன்றேமுக்கால் சுற்று, அதற்கு இப்படிப்பட்ட எல்லைக்கோடு அமையவே இல்லை. இன்றைய 400 மீட்டர் ஓடுபாதையில் மைல் ஓட்டம் முடிவுக்கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னாலிருந்து தொடங்குகிறது. பழைய ஒத்திசைவு கலைந்துவிட்டது, இருந்தும் எண் நிலைத்துவிட்டது.

அந்த எண்ணை வைத்து அடுத்தடுத்த தலைமுறைகள் செய்தவற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1964-இல் ஜிம் ரையன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் 3:59.0 ஓடினார், அந்தப் பந்தயத்தில் அவர் எட்டாவது. 1975-இல் 3:50-க்குக் கீழே முதலில் இறங்கிய நியூசிலாந்தின் ஜான் வாக்கர், நூறு முறை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரும் ஆனார். ஸ்டீவ் ஸ்காட் அதை 136 முறை செய்தார். அயர்லாந்தின் ஏமன் காக்லன் 1994-இல், நாற்பது வயதைக் கடந்த பின் 3:58.15 ஓடினார். 1997-இல் கென்யாவின் டேனியல் கோமன் இரண்டு மைலை 7:58.61-இல் முடித்தார். நிற்காமல் அடுத்தடுத்து இரண்டு நான்கு நிமிட மைல் என்பது எனக்கு இன்றும் நம்பச் சிரமமான எண். 2025 மார்ச் மாதம் ஆக்லாந்தில் சாம் ரூத் என்ற பதினைந்து வயதுச் சிறுவர் 3:58.35 ஓடினார். உலக சாதனையை முறியடித்தவர்கள் இவர்களில் மிகச் சிலரே. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் இந்த எல்லை வேறொரு கேள்வியாக, வயதாக, நீடிப்பாக, தூரமாக மாறிப் பயன்பட்டிருக்கிறது.

மறுபுறம், கோடு நகராமல் இருக்கும்போது அதைச் சுற்றியுள்ளவை எல்லாம் நகர்ந்துவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேனிஸ்டர் சாம்பல்கட்டிப் பாதையில் மெல்லிய தோல் காலணியுடன் ஓடினார். இன்று செயற்கை ஓடுபாதை, துள்ளித் தள்ளும் நுரையும் விறைப்பான தகடும் கொண்ட ஸ்பைக்ஸ், ஓடுபாதையின் உள்விளிம்பில் குறித்த வேகத்தில் ஓடும் விளக்குகள். புதிய ஸ்பைக்ஸ் பரவிய சில ஆண்டுகளில் 3:59 ஓடுபவர்களின் பட்டியல் திடீரென்று நீண்டது தற்செயல் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உள்ளரங்கத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற 3:59 இப்போது போதாது. இதைச் சொல்வது இன்றைய ஓட்டக்காரர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது ஆகாது. 1960-களின் 3:59-ஐயும் இன்றைய 3:59-ஐயும் ஒரே எடையாக நிறுக்கக் கூடாது என்பதுதான் நான் கேட்பது. வியப்புக்குரிய விதிவிலக்கு மேல்முனையில் இருக்கிறது. 1999 ஜூலை 7 அன்று ரோமில் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் ஓடிய 3:43.13-ஐ, இவ்வளவு கருவிகள் வந்த பின்னும், 2023-இல் 3:43.73 ஓடிய நார்வேயின் யாகோப் இங்கெபிரிக்ட்சன் உட்பட, எவராலும் தொட முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: இஃப்லி சாலையில் பேனிஸ்டர் 1,500 மீட்டரைக் கடந்த நேரம் 3:43.0. எல் கெரூஜ் முழு மைலையும் முடித்துவிட்ட அந்த நேரத்தில் பேனிஸ்டருக்கு இன்னும் 109 மீட்டர் மிச்சம் இருந்திருக்கும்.

பெண்களின் மைலுக்கு இந்த வரலாறு நெடுங்காலம் இடமே தரவில்லை. பேனிஸ்டர் ஓடிய 23 நாட்களுக்குப் பிறகு, 1954 மே 29 அன்று, பர்மிங்காமில் டயான் லெதர் 4:59.6 ஓடி, ஐந்து நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண் ஆனார். பெண்களின் மைலுக்கு உலக சாதனை என்று ஒன்றைச் சர்வதேச சம்மேளனம் 1967 வரை பதிவு செய்யவே இல்லை என்பதால், அவருடைய நேரம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறவில்லை. இது அநியாயம், இன்றும் திருத்தக்கூடிய அநியாயம்.

கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான் 2023-இல் மொனாக்கோவில் 4:07.64 ஓடி உலக சாதனை படைத்தார். பின்னர் 2025 ஜூன் 26 அன்று பாரிஸின் ஷார்லெட்டி அரங்கில், காற்றைத் தடுக்க முன்னும் பின்னும் அணிவகுத்த பத்துக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் சூழ, நான்கு நிமிடத்தை நோக்கி ஓடினார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் சரியான இடைவெளியில் ஓடினால் அவரால் 3:59.37 ஓட முடியும் என்று அதற்கு முன் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. கிடைத்தது 4:06.42. போட்டி விதிகளுக்கு உட்படாத ஓட்டம் என்பதால் அது சாதனையாகப் பதிவாகவில்லை. மோட்ஸ்பர் பார்க்கை ஏற்காத நான் இதையும் போட்டியாக ஏற்க முடியாது. ஆனால் சோதனை என்று அறிவித்துவிட்டுச் செய்த சோதனையில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. தோல்வி என்று சிலர் எழுதியதோடும் எனக்கு உடன்பாடில்லை. தான் இல்லாவிட்டாலும் வேறொரு பெண் இதைச் செய்வார், காலம்தான் தேவை என்று ஓடி முடித்ததும் அவர் கூறினார். அதை நான் நம்புகிறேன், ஆனால் விரைவில் நடக்கும் என்று நம்பவில்லை. ஹேக் விட்டுச்சென்ற 1.4 விநாடியைக் கடக்க ஒன்பது ஆண்டு ஆனது. கிப்யேகானின் முன்னால் அன்று மிச்சமிருந்தது 6.4 விநாடி, அதாவது அவருடைய வேகத்தில் 42 மீட்டர்; விதிகளுக்கு உட்பட்ட பந்தயத்தில் அது 7.6 விநாடி. சுற்றுக்கு இரண்டு விநாடி குறைய வேண்டும், அதுவும் மூன்றாம் சுற்று உட்பட.